‘தினக்கூலி, மாசம் 9,000’னு கோர்ட்டுல சொல்றவர்கிட்ட பிள்ளைக்கு ஜீவனாம்சம் வாங்குறது எப்படி? (குமரி மாவட்டத்து அக்கா தங்கச்சிமாருக்கு)

நான் போட்ட ஜீவனாம்ச மனுவுக்கு என் புருஷன் குடுத்த பதில் மனு (கவுன்டர்) காப்பி கையில கிடைச்ச அன்னைக்கு கோர்ட் வராந்தாவுல நின்னுக்கிட்டே படிச்சேன். ‘எதிர்மனுதாரர் ரப்பர் தோட்டத்தில் தினக்கூலியாக வேலை செய்து மாதம் ரூ.9,000 மட்டுமே ஈட்டி வருகிறார்’னு டைப் பண்ணியிருந்தாங்க. அந்த தினக்கூலிக்காரர் அன்னைக்கு காரை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு வேர்த்து விறுவிறுக்க நடந்து வந்தாரு. எனக்கு எப்படி தெரியும்னா சட்டைப் பாக்கெட்ல இருந்து கார் சாவி எட்டிப் பாத்துச்சு, அதுல தொங்குன மாதா டாலர் நான் வேளாங்கண்ணில வாங்கிக் குடுத்தது.

எங்க வீடு மார்த்தாண்டம் பக்கம். அவரு ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி லோடு ஏத்தி அனுப்புற ஆளு. மொத்தமும் ரொக்கம், சம்பள சிலிப் கிடையாது. நான் ஒரு ஜவுளிக்கடையில 8,500க்கு நிக்கிறேன், பையனுக்கு அப்போ 7 வயசு. இந்த கேஸுக்குள்ள இறங்கி அடிபட்டு எந்திரிக்க எனக்கு 19 மாசம் ஆச்சு, அதுல ஒரு 6 மாசமாவது எனக்கு விவரம் தெரியாததால மட்டும் வீணா போச்சு. அந்த 6 மாசம் உங்களுக்கு மிச்சமாகட்டும்னுதான் இத எழுதுறேன். நான் வக்கீல் இல்ல, உங்க கேஸுக்கு கடைசி வார்த்தை உங்க வக்கீலோடது.

1. முதல்ல பிள்ளையோட செலவுக்கணக்கு

எல்லாரும் அவரோட வருமானத்தை தேடித்தான் முதல்ல ஓடுறோம், நானும் அப்படித்தான் ஓடினேன். என் முதல் மனுவுல ‘குழந்தையின் பராமரிப்புக்கு மாதம் ரூ.10,000’னு ஒத்தை வரி. அது ஏன் 10,000, ஏன் 6,000 இல்லன்னு ஜட்ஜ் கேட்டா சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஒரு ராத்திரி பையன் தூங்கினப்புறம் பழைய நோட்டுல உக்காந்து எழுதினேன். ஸ்கூல் ஃபீஸ் வருஷத்துக்கு 38,000, மாசத்துக்கு வகுத்தா ஏறக்குறைய 3,170. வேன் 1,200, டியூஷன் 700. இன்ஹேலரும் டாக்டர் செலவும் 900, அவனுக்கு மழைக்காலம் வந்தா இழுப்பு வரும். பால், சாப்பாடு 4,000. ஸ்கூல் டிரஸ், ஷூ, கிறிஸ்மஸ் துணி எல்லாம் வருஷத்துக்கு 6,000, அது மாசம் 500. வீட்டு வாடகை 6,500ல பாதி 3,250. கரண்டு, ரீசார்ஜ் இந்த மாதிரி சில்லறை 500. கூட்டினா 14,220 வந்துச்சு. எனக்கே பகீர்னு ஆயிட்டு, 10,000 கேக்க நான் கூச்சப்பட்டிருக்கேன்!

இதுல பொதுவா மாட்டிக்கிறது வருஷத்துக்கு ஒருக்கா வர்ற செலவை மறந்துடுறதுதான். ஸ்கூல் திறக்குற மாசம், பண்டிகை, பல் டாக்டர், கண்ணாடி எல்லாத்தையும் 12ஆல வகுத்து சேத்துக்கோங்க. வாடகையில பிள்ளை பங்கு உண்டு, அதையும் விட்டுடாதீங்க. ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரசீது வேணும், வேன்காரர் ரசீது தரமாட்டாருன்னா கூகுள்பேயில அனுப்பத் தொடங்குங்க, மூணு மாசத்துல அதுவே ஆதாரம் ஆயிரும்.

2. எந்த மனு, எந்த கோர்ட்

எல்லாரும் ‘125 கேஸ்’னு சொல்லுவாங்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 125-ம் பிரிவு. நான் போட்டப்போ அதுதான். 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமா பிஎன்எஸ்எஸ்) வந்து அது பிஎன்எஸ்எஸ் 144-ம் பிரிவு ஆயிட்டு, விஷயம் பழசுதான். இந்துவா கிறிஸ்டியனா முஸ்லிமானு கேள்வி இல்ல, எல்லாருக்கும் இது பொருந்தும். கல்யாணம் ஆகாம பிறந்த பிள்ளைக்கும் அப்பன் கட்டித்தான் ஆகணும். டைவர்ஸ் கேஸ் போட்டிருக்கணும்னு அவசியமே இல்ல, நிறைய பேரு இத தெரியாம ‘எனக்கு டைவர்ஸ் வேண்டாம், அதனால ஜீவனாம்சம் கேக்க முடியாது’னு சும்மா இருக்காங்க.

அடி உதை, மனரீதியா கொடுமை எல்லாம் இருந்தா குடும்ப வன்முறைச் சட்டம் 2005ல போடலாம், அதுலயும் 20-ம் பிரிவுல பிள்ளைக்கு பைசா கேக்கலாம். அதுல ஒரு வசதி என்னன்னா அவருக்கு சம்பளம் குடுக்குறவரையோ அவருக்கு கடன்பட்டவரையோ நேரா உங்ககிட்ட கட்டச் சொல்லி ஆர்டர் போட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. ரெண்டு கேஸும் போடலாம், ஆனா ஒண்ணுல வாங்குறத இன்னொண்ணுல கட்டாயம் சொல்லணும், மறைச்சா நம்ம பேரு கெட்டுரும்.

இடம் பத்தி: நீங்க இப்போ தங்கியிருக்குற இடத்துலயே போடலாம், புருஷன் வீடு இருக்குற ஊருக்கு அலைய வேண்டாம். நான் போட்டது நாகர்கோவில் குடும்ப நல கோர்ட்டுல. குடும்ப வன்முறை மனுன்னா உங்க ஏரியா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்.

3. வக்கீலும் செலவும்

நான் முதல்ல போன வக்கீல் 15,000 அட்வான்ஸ் வாங்கிட்டு மூணு வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பினாரு, அந்த ஜூனியருக்கு என் பிள்ளை ஆணா பொண்ணானு கூட தெரியல. ஊரு பேரு வேண்டாம், விடுங்க.

அப்புறம்தான் கடையில கூட வேலை பாக்குற ஒரு அக்கா சொல்லி தெரிஞ்சுது, பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பே கிடையாதுன்னு. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987ல 12-ம் பிரிவு. நாகர்கோவில் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, போன் பண்ணி விசாரிக்கணும்னா 15100. ஆதார் காப்பி, ஒரு மனு, அவ்ளோதான் எனக்கு ஆச்சு. இலவசம்னா ஏனோதானோனு இருக்கும்னு பயந்தேன், எனக்கு கிடைச்ச மேடம் முதல் வக்கீலை விட நல்லா கேஸ் படிச்சிட்டு வந்தாங்க. ஒத்து வரலைன்னா வேற வக்கீல் மாத்திக் கேக்கலாம்.

மத்தபடி செலவுன்னா ஜெராக்ஸ், நோட்டரி, பேட்டா (நோட்டீஸ் அனுப்ப கட்டுறது), சர்டிஃபைடு காப்பி இதெல்லாம்தான், கேக்குற தொகைக்கு சதவீதம் போட்டு கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டிய கேஸ் இது இல்ல. எனக்கு 19 மாசத்துல அந்த 15,000 போக மொத்தம் 6,000க்குள்ள ஆச்சு. பெரிய செலவு எதுன்னா லீவு போட்ட நாளோட சம்பளம். டவுன் பஸ்ஸா பாத்து மாறி மாறி வந்தா டிக்கெட் இல்லேன்னு காலைல 7 மணிக்கே வீட்டை விட்டு இறங்கிருவேன். ஈகோர்ட்ஸ் ஆப்ப போன்ல போட்டு உங்க கேஸோட சிஎன்ஆர் நம்பரை (ஒவ்வொரு கேஸுக்கும் உள்ள தனி நம்பர்) சேத்து வச்சுக்கோங்க, அடுத்த வாய்தா தேதி அதுல தெரியும், யாருக்கும் போன் பண்ணி கெஞ்ச வேண்டாம்.

4. உங்க பக்கத்து பேப்பர்

பிள்ளையோட பர்த் சர்டிபிகேட், கல்யாணச் சான்று (கிறிஸ்தவ கோயில்ல பதிஞ்சிருந்தா பங்கு ஆபீஸ்லயோ சபையிலயோ காப்பி கேளுங்க, எனக்கு ரெண்டு நாள் ஆச்சு), ஆதார், ஸ்கூல் போனஃபைடு, ஃபீஸ் ரசீது, மருந்துச் சீட்டு, உங்க சம்பளச் சான்று, உங்க பேங்க் ஸ்டேட்மெண்ட். எல்லாத்துலயும் மூணு செட். ஒரிஜினலை யார் கேட்டாலும் குடுக்காதீங்க, வக்கீலா இருந்தாலும் சரி.

5. அவரோட வருமானத்தை எங்க போய் தேடுறது

இதுதான் பெரிய வேலை. நான் மாசக்கணக்கா ‘அவரு எவ்ளோ சம்பாதிக்காருன்னு நிரூபிக்கணும்’னு அலைஞ்சேன், ரொக்கத்துல நடக்குற வியாபாரத்துல அது கிடைக்கவே கிடைக்காது. மேடம்தான் ரூட்டை மாத்தி விட்டாங்க. ‘அவர் எவ்ளோ சம்பாதிக்கிறார்னு விடுங்க, எவ்ளோ செலவு பண்றார்னு பாருங்க, யார்கிட்டயாவது எப்பவாவது என் வருமானம் இவ்ளோன்னு எழுதிக் குடுத்திருக்காரான்னு பாருங்க’ன்னாங்க. அந்த ஒரு பேச்சுதான் என் கேஸையே நிமித்துச்சு.

ஸ்கூல் அட்மிஷன் ஃபார்ம். எனக்கு கிடைச்சதுல முக்கியமானது இதுதான். பையனை எல்கேஜில சேக்கும்போது ஃபார்ம்ல அவரே கைப்பட எழுதியிருக்காரு: ‘தந்தையின் தொழில்: ரப்பர் வியாபாரம். ஆண்டு வருமானம்: 6,00,000’. அப்போ நல்ல ஸ்கூல்ல சீட் கிடைக்கணும்னு பெருமையா எழுதினது. கீழ அவரோட கையெழுத்து, அந்த வால் நீட்டுற ‘ஜே’ எழுத்தை பாத்தா யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது. ஸ்கூல்ல மனு எழுதிக் குடுத்தேன், அட்டெஸ்ட் பண்ணி காப்பி குடுத்தாங்க. 10 ரூபாய் ஜெராக்ஸ்.

லோன் அப்ளிகேஷன். கோர்ட்டுல ஏழைன்னு சொல்றவங்க பேங்க்ல எப்பவும் பணக்காரங்க, இல்லேன்னா லோன் கிடைக்காதுல்லா. கார் லோன், வீட்டு லோன், நகைக்கடன் எந்த பேங்க்னு உங்களுக்கு தெரிஞ்சா போதும். அந்த பேங்க் உங்ககிட்ட தராது, கோர்ட் மூலமா வரவழைக்கணும். பிஎன்எஸ்எஸ் 94-ம் பிரிவுல (பழைய 91) ஆவணம் வரவழைக்க மனு போடலாம். பேங்க் பேரு, கிளை, முடிஞ்சா கணக்கு நம்பரோட கடைசி 4 இலக்கம் இதெல்லாம் இருக்கணும், ‘அவருக்கு எங்கெல்லாம் அக்கவுண்ட் இருக்கோ எல்லாத்தையும் எடுங்க’ன்னு கேட்டா தள்ளிருவாங்க. என் கேஸ்ல கார் ஈஎம்ஐ மாசம் 11,400. 9,000 சம்பாதிக்கிற ஆளு 11,400 ஈஎம்ஐ எப்படி கட்டுறாருன்னு கேட்டதுக்கு ‘அண்ணன் கட்டுறார்’னு பதில், அண்ணன் ஸ்டேட்மெண்டை காட்டுங்கன்னதும் அமைதி.

வில்லங்கம். பத்திரப்பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல வில்லங்கச் சான்று (ஈசி) ஆன்லைன்ல சும்மாவே பாக்கலாம், பைசா இல்ல. ஆனா பேரை வச்சு வராது, கிராமமும் சர்வே நம்பரும் வேணும். பழைய வரி ரசீது, பட்டா காப்பி எங்கயாவது இருக்கும், வீட்டை விட்டு வரும்போதே போட்டோ எடுத்து வச்சிருந்தா நீங்க புத்திசாலி, நான் எடுக்கல. என் நாத்தனார் கல்யாணத்துக்கு லோன் எடுத்தப்போ வந்த காப்பி என் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டில கிடந்துச்சு. அத வச்சு ஈசி போட்டா, நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 23 நாள் கழிச்சு 35 சென்ட் ரப்பர் தோட்டத்தை அவங்க அம்மா பேருக்கு தான செட்டில்மெண்ட் எழுதியிருக்காரு. சொத்து இருக்குன்னு காட்டுறதை விட, நோட்டீஸ் வந்தப்புறம் மாத்தினாருன்னு காட்டுறது இன்னும் பலம். அந்த ரெண்டு தேதியையும் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதிக் குடுங்க.

வண்டி. டிஎன் 74, டிஎன் 75னு நம்பர் தெரிஞ்சா பரிவாஹன்ங்கிற அரசு போக்குவரத்து தளத்துல பாக்கலாம், பேரு பாதி மறைஞ்சுதான் வரும், ஆனா எந்த வருஷத்து வண்டி, எந்த மாடல்னு தெரியும். மீதியை கோர்ட் மூலமா ஆர்டிஓகிட்ட கேக்கலாம்.

ஜிஎஸ்டி. கடை பில்லுல ஜிஎஸ்டி நம்பர் இருக்கும். ஜிஎஸ்டி தளத்துல அத போட்டா யார் பேருல இருக்கு, எப்போ பதிஞ்சது, ரிட்டர்ன் ஒழுங்கா போடுறாங்களா இதெல்லாம் வரும், தொகை வராது. தினக்கூலிக்காரருக்கு எதுக்கு ஜிஎஸ்டி நம்பர்னு கேக்க அதுவே போதும். ரப்பர் வியாபாரின்னா ரப்பர் போர்டு டீலர் லைசென்ஸ் வேணும், அது யார் பேருல இருக்குன்னு பாருங்க.

தோட்டம் வச்சிருந்தா கணக்கு போட்டே காட்டலாம். நல்லா பால் வெட்டுற தோட்டத்துல ஏக்கருக்கு வருஷம் 500, 600 கிலோ ஷீட் எடுக்கலாம், அன்னன்னைக்கு விலையை ரப்பர் போர்டே போடுது, வெட்டுக்காரர் கூலி கழிச்சு மீதி என்னன்னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க. இதுல ஒரு தந்திரம் பண்ணுவாங்க, ஜாக்கிரதை. மழைக்காலத்து கணக்கையும் இலை உதிர்ற மாசத்து கணக்கையும் மட்டும் எடுத்துட்டு வந்து ‘பாருங்க வருமானமே இல்ல’ன்னு காட்டுவாங்க. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், முட்டம் பக்கத்து அக்காமாருக்கும் இதே கதைதான், போட் வச்சிருக்குறவங்க மீன்பிடித் தடைகால 61 நாளை காட்டி அழுவாங்க. 12 மாசத்துக்கும் சேத்து சராசரி கேளுங்க. போட் மீன்வளத்துறையில பதிஞ்சிருக்கணும், மானிய டீசல் எடுக்குற கணக்கும் இருக்கும், கடலுக்கே போகலன்னு சொல்றவரு எதுக்கு அவ்ளோ டீசல் எடுத்தாருன்னு கேக்கலாம்.

கல்ஃப்ல இருக்குறவருன்னா: விசா காப்பி, வேலை ஒப்பந்தம், பழைய சம்பள மெசேஜ், ஊருக்கு பைசா அனுப்பின எக்ஸ்சேஞ்ச் ரசீது. ஈமைக்ரேட் (வெளிநாட்டு வேலைக்கான அரசு தளம்) வழியா போயிருந்தா ஒப்பந்தத்துல சம்பளம் எழுதியிருக்கும். ஆர்டரை அங்க போய் நிறைவேத்துறது கஷ்டம், அதனால இங்க உள்ள என்ஆர்இ அக்கவுண்ட் (வெளிநாட்டுல இருக்குறவங்க இங்க வைக்குற பேங்க் கணக்கு), இங்க உள்ள நிலம் இதுல கண்ணை வைங்க. கோர்ட் கூப்பிட்டும் வராம வாரண்ட் ஆச்சுன்னா பாஸ்போர்ட் ஆபீஸுக்கு எழுதலாம், பாஸ்போர்ட்டை முடக்க 1967 சட்டத்துல வழி இருக்கு. ரினியூவல் நேரத்துல ஓடி வருவாங்க.

கவர்மெண்ட் வேலைன்னா சம்பளத்தை ஒளிக்க முடியாது, ஆனா பிஎஃப் லோன், சொசைட்டி லோன்னு பிடித்தத்தை ஏத்தி ‘கையில 12,000தான் வருது’ன்னு காட்டுவாங்க. அவராவே வாங்கின கடனுக்கு பிள்ளை பொறுப்பில்லன்னு வாதாடுங்க, கட்டாயப் பிடித்தம் மட்டும்தான் கழிக்கணும்.

ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, தேதி தெரியுற மாதிரி. கொடைக்கானல் ட்ரிப்பு, புது பைக்கு, அண்ணன் மகள் கல்யாணத்துல இவரு வச்ச மொய். ஆனா வெறும் பிரிண்ட் அவுட் செல்லாது, சாட்சியச் சட்டம் (பிஎஸ்ஏ) 63-ம் பிரிவு சர்டிபிகேட் (மின்னணு ஆதாரத்துக்கான உறுதிச் சான்று) கூட வைக்கணும், பழைய 65பி தான் அது. எடுத்த போனை வித்துராதீங்க.

செய்யக் கூடாதது: அவரு போன்ல ஆப் போட்டு வேவு பாக்குறது, ஓடிபி வாங்கி நெட் பேங்கிங் திறக்குறது. கை துறுதுறுன்னு வரும், எனக்கும் அவரு ஜிமெயில் பாஸ்வேர்டு தெரியும். தொட்டா நம்ம மேல சைபர் கேஸ் வரும், அப்புறம் பேச்சு மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிரும். ஆர்டிஐ போட்டு இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் வாங்கலாம்னு யூட்யூப்ல சொல்லுவாங்க, தனிப்பட்ட தகவல்னு பெரும்பாலும் தள்ளிருவாங்க, அந்த 30 நாளை வீணாக்காம நேரா கோர்ட்டுல கேளுங்க.

6. சொத்து அஃபிடவிட்: இத விட்டுராதீங்க

2020 நவம்பர் 4ல ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒரு பெரிய தீர்ப்பு குடுத்துருக்கு. ஜீவனாம்ச கேஸ்ல ரெண்டு பக்கமும் தன்னோட வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் சத்தியப் பிரமாணமா ஒரு படிவத்துல எழுதிக் குடுக்கணும். எதிர்ப்பக்கம் நாலு வாரத்துக்குள்ள குடுக்கணும், ரெண்டு தடவைக்கு மேல டைம் தரக்கூடாது, வேணும்னே இழுத்தா அவரோட டிஃபென்ஸையே (எதிர்வாதத்தையே) கோர்ட் அடிச்சு நீக்கிரலாம். என் முதல் வக்கீல் இதப்பத்தி வாயே திறக்கல. நீங்க உங்க படிவத்தை மனுவோடயே சேத்துப் போட்டுருங்க, போட்டுட்டு ‘அவரோடது எங்க’ன்னு ஒவ்வொரு வாய்தாவுலயும் கேளுங்க.

அவரு பொய்யா எழுதினா நல்லதுதான்னு வச்சுக்கோங்க. சத்தியம் பண்ணி எழுதினது பொய்னு ஆச்சுன்னா பொய்ச்சத்திய நடவடிக்கைக்கு பிஎன்எஸ்எஸ் 379ல (பழைய 340) மனு போடலாம். அது முடிய காலம் ஆகும், ஆனா அந்த மனு காப்பி கையில போனதுமே அவங்க வக்கீலோட பேச்சே மாறுறத நான் பாத்தேன். அவரோட அஃபிடவிட்ட பாத்து குறிப்பிட்ட கேள்விகளை எழுத்துல அனுப்பி பதில் வாங்கவும், இந்த ஆவணத்தை காட்டுன்னு கேக்கவும் அதே தீர்ப்புல வழி இருக்கு.

ஒரே ஒரு விஷயம், உங்க படிவத்துல ஒரு ரூபாய் மறைக்காதீங்க. தையல் தைச்சு வர்ற 1,500, அண்ணன் தர்ற உதவி, சீட்டு, நகை எல்லாம் எழுதுங்க. நீங்க சம்பாதிக்கிறதால அப்பனோட பொறுப்பு போயிராது, ஆனா நீங்க மறைச்சு மாட்டினா நீங்க சொன்ன மத்த எல்லாத்தையும் நம்பமாட்டாங்க.

7. இடைக்கால மனு முதல் நாளே

மெயின் கேஸ் முடிய வருஷம் ஆகும், அதுவரைக்கும் பிள்ளை பசிக்காம இருக்குமா. நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள்ள முடிஞ்ச வரைக்கும் முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, எனக்கு ஆனது 7 மாசம், அதுல 3 மாசம் நோட்டீஸை அவரு வாங்காம ‘வீடு பூட்டியிருக்கு’ன்னு திரும்பி வந்தே போச்சு. அதனால அவரு வீட்டு அட்ரஸ், கடை அட்ரஸ், வாட்ஸ்அப் நம்பர் எல்லாத்தையும் மனுவுல குடுத்துருங்க. இடைக்காலமா 5,000 போட்டாங்க. மனு போட்ட தேதில இருந்து தரணும்னு கட்டாயம் கேளுங்க, ஆர்டர் தேதில இருந்துன்னு வந்தா அத்தனை மாசமும் காத்துல போச்சு.

8. கவுன்சிலிங்கும் ‘மொத்தமா முடிச்சிரலாம்’ பேச்சும்

குடும்ப கோர்ட்டுல கவுன்சிலிங்குக்கு அனுப்புவாங்க, போங்க, மரியாதையா பேசுங்க. அங்கதான் அவரு தாய்மாமா வந்து ‘எதுக்கு மக்களே கோர்ட்டு வாசல்ல நிக்கிற, ரெண்டு லட்சம் ரொக்கமா வாங்கிட்டு ஒப்பு போடு’ன்னாரு. பையனுக்கு 18 ஆக அப்போ 10 வருஷத்துக்கு மேல இருந்துச்சு. 2,00,000ஐ 120 மாசத்துக்கு வகுத்துப் பாத்தேன், மாசம் 1,667. வேன் காசுக்கு மேல 467 ரூபாய்தான் மிச்சம். மாமாகிட்ட போன் கால்குலேட்டரை திருப்பிக் காட்டினேன், அவரு கண்ணாடியை எடுத்து துடைச்சுக்கிட்டே எந்திரிச்சு போயிட்டாரு.

பிள்ளையோட ஜீவனாம்சம் பிள்ளையோட உரிமை, அம்மா விட்டுக்குடுத்து எழுதினாலும் பிள்ளையை அது கட்டுப்படுத்தாதுன்னு கோர்ட்டுகள் சொல்லியிருக்கு. ஆனாலும் எழுதிக் குடுத்தா பின்னாடி அதை உடைக்க இன்னொரு கேஸ் நடத்தணும், எதுக்கு வம்பு.

அதே மாதிரி ‘பைசா தரல, அதனால பிள்ளையை காட்டமாட்டேன்’னு நிக்காதீங்க. அது வேற, இது வேற. ஜட்ஜ் முன்னாடி நம்ம பக்கம்தான் கெட்டுப்போகும்.

9. கூண்டுல கேள்வி கேக்கும்போது

என் மேடம் அவர்கிட்ட கேட்டது வருமானத்தை பத்தி ஒத்தைக் கேள்வி கூட இல்ல. வாடகை யார் கட்டுறா, பெட்ரோல் மாசம் எவ்ளோ, எந்த பேங்க்ல நகை இருக்கு, போன் எவ்ளோக்கு வாங்கினீங்க, ரீசார்ஜ் எவ்ளோ, பண்டிகைக்கு வீட்டுக்கு எவ்ளோ குடுத்தீங்க. ஒவ்வொண்ணா கூட்டினா அவரு வாயாலயே மாசம் 31,000 செலவு வந்துட்டு. அப்புறமா மெதுவா ஸ்கூல் ஃபார்மை நீட்டி ‘இது உங்க கையெழுத்துதானே’ன்னு கேட்டாங்க. இந்தக் கேள்விப் பட்டியலை எழுதிக் குடுத்தது நான்தான், அவரு பழக்கவழக்கம் நமக்குத்தானே தெரியும். நீங்களும் எழுதிக் குடுங்க.

ஒருவேளை அவரு ‘எனக்கு வேலையே இல்ல’ன்னு சொன்னா, உடம்புல தெம்பு உள்ளவன் கூலி வேலை செஞ்சாவது பெண்டாட்டி பிள்ளையை காப்பாத்தணும்னு 2022ல அஞ்சு கார்க் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்துங்க.

10. ஆர்டர் கையில வந்தப்புறம்

எனக்கு பையன் பேருல மாசம் 10,000, மனு தேதில இருந்து. ஆர்டர் வாங்கினா முடிஞ்சதுன்னு நினைச்சு கேக் வாங்கிட்டுப் போனேன். ரெண்டு மாசம் கட்டினாரு, மூணாவது மாசம் நின்னுட்டு.

இங்கதான் பெரிய குழி இருக்கு. பாக்கி பைசாவுக்கு வாரண்ட் மனுவை (கட்டாத பைசாவை வசூலிச்சுத் தரச் சொல்லிக் கேக்குறது), அந்த தொகை கட்ட வேண்டிய தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். ‘சேரட்டும், மொத்தமா கேப்போம்’னு இருந்தா ஒரு வருஷத்துக்கு முந்தினதுக்கு அந்த வாரண்ட் வழி அடைஞ்சிரும். எங்க தெருவுல ஒரு அக்கா இப்படி ரெண்டரை வருஷம் பாவம் பாத்து இருந்தாங்க, முதல் ஒன்றரை வருஷத்துக்குள்ளத இந்த வழில கேக்க முடியாம போச்சு. நான் மூணு மாசம் சேந்தா மனு, அடுத்த மூணு மாசம் சேந்தா அடுத்த மனு.

கட்டலேன்னா சொத்தை ஜப்தி பண்ணலாம், சம்பளத்துல பிடிக்கலாம், ஒவ்வொரு மாச பாக்கிக்கும் ஒரு மாசம் வரைக்கும் ஜெயில் போடலாம். ஜெயிலுக்கு போயிட்டு வந்தா கடன் தீந்துபோகாது, அதுவும் தெரிஞ்சுக்கோங்க, ஊருல நிறைய பேரு தீந்துரும்னு நினைச்சு மீசையை முறுக்குறாங்க. அவரு மதுரை ஹைகோர்ட் பெஞ்சுல ரிவிஷன் (மறுசீராய்வு மனு) போடலாம். போட்டா மட்டும் ஆர்டர் நிக்காது, ஸ்டே வாங்கணும், ஸ்டே கேட்டா பெரும்பாலும் பாக்கில ஒரு பங்கை கட்டச் சொல்லுவாங்க.

பைசா எப்பவும் பேங்க் வழியா மட்டும் வாங்குங்க. கையில குடுத்துட்டு பின்னாடி கூடுதலா குடுத்ததா சொல்லுவாங்க. பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்துட்டு ‘அது ஜீவனாம்சக் கணக்கு’ன்னு எங்க ஆளு சொன்னாரு. சைக்கிளை பையன் ஓட்டுறான், கணக்குல சேக்கல.

ஃபீஸ் ஏறினா, அவரு வருமானம் கூடினா தொகையை கூட்டிக் கேக்க பிஎன்எஸ்எஸ் 146-ம் பிரிவுல (பழைய 127) மனு போடலாம், புதுசா முதல்ல இருந்து கேஸ் நடத்த வேண்டாம். இந்த 144 வழில பொதுவா பிள்ளைக்கு 18 வயசு வரைக்கும்தான். இந்துப் பொண்ணுன்னா தன்னால பிழைக்க முடியாத நிலைமையில கல்யாணம் ஆகுற வரைக்கும் கேக்க 1956 தத்து, ஜீவனாம்ச சட்டத்துல இடம் இருக்கு, அதுக்கு வேற மனு.

ஒரு நோட்டு போட்டு நாலு பத்தி கோடு போட்டு வச்சிருக்கேன்: எந்த மாசம், எவ்ளோ வரணும், எவ்ளோ வந்துச்சு, வாரண்ட் மனு போட கடைசி தேதி. நாலாவது பத்தியை சிவப்பு மையில எழுதுவேன். என் கணக்குல இடைக்கால 5,000க்கும் கடைசி ஆர்டரோட 10,000க்கும் மனு தேதில இருந்து உள்ள வித்தியாசம் மட்டும் மாசம் 5,000 வீதம் 19 மாசத்துக்கு 95,000, அதுல இதுவரைக்கும் வந்தது 40,000. மூணாவது வாரண்ட் மனு டைப் ஆகி பையில இருக்கு, திங்கக்கிழமை போடணும், அன்னைக்கு பையனுக்கு பரீட்சை, வேன்காரர்கிட்ட சாயங்காலம் அம்மா வீட்டுலயே இறக்கி விடச் சொல்லியிருக்கேன்.